டர்பன் இசைக்குழுக்களின் மேடைப் பதிவுகள்: பழைய கேசட்டிலிருந்து கேட்கும் கூட்டம் வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வெளியுலகம் வரை போன பாப் குழு என்றதும் ரசிகர்கள் சொல்லும் பெயர் தி ஃபிளேம்ஸ். 1963-இல் தொடங்கியது. அமெரிக்க பாப் குழுவான பீச் பாய்ஸின் கார்ல் வில்சன் தயாரிக்க, 1970-இல் அவர்களுடைய பிரதர் ரெக்கார்ட்ஸிலேயே ஓர் ஆல்பம் வந்தது. 1972-இல் ப்ளாண்டி சாப்ளினும் ரிக்கி ஃபட்டாரும் பீச் பாய்ஸிலேயே சேர்ந்துவிட்டார்கள். 1973-இல் வெளியான அந்தக் குழுவின் மேடைப்பதிவு ஆல்பத்தில் நம்மூர்க்காரர் இருவரும் இருக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் பக்கத்து மண்டபங்களில் தமிழ், இந்தி சினிமாப் பாட்டையும் ஆங்கில பாப்பையும் கலந்து வாசித்த குழுக்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. அவற்றில் பல ஸ்டுடியோ வாசலையே மிதிக்காதவை. அவர்களுடைய வாசிப்பு இன்று எங்காவது மிச்சம் இருக்கிறதென்றால், யாரோ ஒருவர் மூன்றாவது வரிசையில் மடியில் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த கேசட்டில்தான் இருக்கும். அந்தக் கேசட்டைக் கெடுக்காமல் கணினிக்குள் கொண்டுவந்து, வேகம் சரிபார்த்து, காலமும் இடமும் குறித்து, நாலு பேரைக் கூட்டிவைத்துக் கேட்கும் வரைக்குமான வேலை இது. டேப் இன்னும் ஒரே ஒரு தடவைதான் ஒழுங்காக ஓடும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பாதிப் பிழைகள் அந்த ஒரு நினைப்பிலேயே தவிர்ந்துபோகும்.

கேசட் கைக்கு வந்தவுடன்

போட்டுப் பார்க்க வேண்டாம். முதலில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை ஒரு தவறான பொத்தான் பத்து விநாடிப் பாட்டை அழித்துவிடும். உடைத்தபின் ரெக்கார்ட் பொத்தான் இறங்காது. பிறகு கேசட்டின் இரு பக்கம், உறை, உள்தாள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதைப் பென்சிலால் உறையில் எழுதுங்கள். கேசட் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்: டர்பன் வெயிலில் பசை உருகி, கேசட்டை ஓட்டும் டெக்குக்குள் போய்விடும்.

அடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஜன்னல் வழியாகத் தெரியும் டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ நூலாம்படை மாதிரியோ ஏதாவது இருந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஈரத்தில், அலமாரி மேல்தட்டில் கிடந்த கேசட்டுகளில் இது சர்வ சாதாரணம். அப்படியே ஓட்டினால் பூஞ்சை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி சில வாரம் உலர விடுங்கள். உலர்ந்தபின் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, தூக்கிப்போடப் போகிற ஒரு பழைய டெக்கில் முன்னும் பின்னும் ஓட்டி, மெல்லிய துணியால் துடைத்தெடுக்கலாம். பூஞ்சை அதிகமென்றால் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. நுரையீரலுக்கும் அதுதான் நல்லது.

பிறகு அழுத்தப் பட்டை. கேசட்டின் கீழ்வாயில், நடுவில், செப்பு நிற ஸ்பிரிங்கின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன கம்பளித் துண்டு அது. டேப்பை ஹெட்டோடு அணைத்துப் பிடிப்பது இதுதான். பழைய பசை காய்ந்து இது உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும், ஒரு பக்கம் வந்து வந்து போகும். டேப் போய்விட்டது என்று பலர் தூக்கிப்போடும் கேசட்டில் டேப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பட்டைதான் உதிர்ந்திருக்கும். ஐந்து திருகாணி போட்ட வேறொரு காலிக் கேசட்டைத் திறந்து இந்தச் சுருள்களை அதற்குள் மாற்றுங்கள். திருகாணி இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் விளிம்புக் கோட்டில் மெல்லிய கத்தியை வைத்து மெதுவாக நெம்ப வேண்டும். டேப் அறுந்திருந்தால் அதற்கென்று விற்கும் 3.81 மில்லிமீட்டர் ஒட்டுப்பட்டையை டேப்பின் உட்புறத்தில் ஒட்டுங்கள். வெளிப்புறம்தான் ஹெட்டைத் தொடும் பக்கம். கடையில் வாங்கும் சாதா செலோடேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் ஒட்டவைத்துவிடும்.

கடைசியாக, ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் கிடந்த சுருள் தளர்ந்து சீராக ஓடும். சி-120 (120 நிமிட) கேசட்டில் மட்டும் இதை வேகமாகச் செய்யாதீர்கள். அந்த டேப் சி-60-இன் பாதித் தடிமன்தான். நீளும், உருளையில் சுற்றிக்கொள்ளும்.

டெக்கும் அசிமத்தும்

யூஎஸ்பி குத்தி நேராகக் கணினியில் போடும் மலிவான கேசட் ப்ளேயர்களை வாங்காதீர்கள். அவற்றின் மோட்டார் நடுங்கும், ஒலி ஆடும். பழைய முழு அளவு டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து, பெல்ட் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கு முன்னும் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் கம்பியையும் 99 சத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். டேப்பை அந்தக் கம்பியோடு அழுத்தும் ரப்பர் பிஞ்ச் ரோலருக்கு லேசான சோப்புத் தண்ணீர் போதும், ஆல்கஹால் ரப்பரை நாளடைவில் காயவைக்கும்.

அடுத்தது அசிமத், அதாவது டேப்புக்கு ஹெட் நிற்கும் கோணம். டேப்புக்கு ஹெட் சரியாக 90 பாகையில் நிற்க வேண்டும். பதிந்த ரெக்கார்டரின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால், உங்கள் டெக் நேராக இருந்தாலும் தாளத்தட்டின் மினுக்கமும் பாடகரின் ‘ச’ ஒலியும் மங்கிவிடும். ஹெட்டின் ஒரு ஓரத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் திருகாணியைத் தேடுங்கள். இரண்டு சேனலையும் மோனோவாகக் கலந்து ஹெட்ஃபோனில் கேட்டபடி, கால் திருப்பத்துக்கும் குறைவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். உச்ச ஒலி எங்கே மிகத் தெளிவாகத் திறக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். மோனோவில் கேட்பதற்குக் காரணம் உண்டு: சாய்வு இருந்தால் இரு சேனலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், பிசகு பளிச்சென்று தெரியும். இதை ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியாக, பக்கம் மாறும்போதும் மறுபடி செய்ய வேண்டும்.

டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை அணைத்தே வையுங்கள். கையடக்க ரெக்கார்டரில் பதிந்த பெரும்பாலான மேடைப்பதிவுகளில் டால்பி கிடையாது. இல்லாத டால்பியை ஓட்டும்போது போட்டால் உச்ச ஒலி அமுங்கும். இரைச்சல் குறைந்தது போலத் தோன்றும், கூடவே பாட்டும் குறைந்திருக்கும்.

கணினிக்குள் ஏற்றுவது

டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து, ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன்-இன்னுக்குப் போங்கள், மைக் துளைக்குள் போகக் கூடாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பு குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்கிறது. இரு பக்கமும் சேர்ந்து 90 நிமிடக் கேசட் 96-இல் ஏறக்குறைய 3.1 ஜிபி வரும். வேவ் (WAV) கோப்புக்கு 4 ஜிபி வரம்பு உண்டு என்பதால் பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்தே பதியுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். ஒலி அளவைப் பாட்டை வைத்து அமைக்காமல் கைதட்டலை வைத்து அமையுங்கள்: மேடைப்பதிவில் திடீரென்று எகிறுவது ரெக்கார்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் விசில்தான்.

டெக்கும் மடிக்கணினியும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால் ஒரு ‘ம்ம்ம்’ கேட்கும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். மின்வெட்டு வந்தாலும் பதிந்த வரைக்கும் தப்பிக்கும். டெக்கை இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சுத்தமான சைன் அலை தரும் வகையாக இருக்கட்டும். மலிவு இன்வெர்ட்டரின் கொரகொரப்பு பதிவுக்குள் ஏறிவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இப்படி ஏற்றிய மூலக் கோப்பில் எதையும் வெட்டாதீர்கள், இரைச்சலையும் நீக்காதீர்கள். பாட்டுகளுக்கு நடுவே வரும் அறிவிப்பாளர் பேச்சு, ட்யூனிங், ‘கார் எண் இன்னது, வழியில் நிற்கிறது, எடுங்கள்’ என்ற கூப்பாடு எல்லாம் இருக்கட்டும். பின்னால் காலத்தைக் கண்டுபிடிக்கப் போவதே அதை வைத்துத்தான்.

வேகம்: பலர் கோட்டைவிடும் இடம்

கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பதிந்த ரெக்கார்டர் அப்படி ஓடியதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நிகழ்ச்சி நீளும்போது பேட்டரி தளரும், மோட்டார் மெதுவாகும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக் கேட்கும். அதனால்தான் பழைய மேடைப்பதிவுகளில் கடைசிப் பாட்டில் பாடகர் சின்னப் பையன் குரலில் பாடுகிறார். இதைத் திருத்தாமல் பகிர்ந்துவிட்டு, குழு தாளம் தப்பி ஓடுகிறது என்று குறை சொன்னால் அது வாசித்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சரிபார்க்க நல்ல வழி மின்சாரத்தின் முணுமுணுப்பு. தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேடை ஆம்ப்ளிஃபையர்களின் ஹம் 50, 100, 150, 250 ஹெர்ட்ஸில் பதிவுக்குள் விழுந்திருக்கும். பாட்டு இல்லாத அமைதியான சில விநாடிகளை ஒலி எடிட்டரில் தேர்ந்தெடுத்து ஸ்பெக்ட்ரம் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள், அதன் ‘சைஸ்’ அளவை 65536-இல் வைத்து. 50-ஐப் பார்ப்பதைவிட 250-ஐப் பாருங்கள், பிசகு பெரிதாகத் தெரியும். 250 இருக்க வேண்டிய இடத்தில் 257.5 இருந்தால் பதிவு 3 சதம் வேகமாக ஓடுகிறது. 250-ஐ 257.5-ஆல் வகுத்தால் 0.971, ஆக வேகத்தை 2.9 சதம் குறைக்க வேண்டும். சுருதியும் தாளமும் சேர்ந்து மாறும் ‘வேக மாற்றம்’ தான் வேண்டும், சுருதியை மட்டும் மாற்றும் கருவி வேண்டாம்.

இதில் மூன்று பொறிகள். ஒன்று, நீங்கள் பார்க்கும் கோடு உங்கள் டெக்கின் ஹம்மாகவே இருக்கலாம். டேப்பை நிறுத்திவிட்டுச் சில விநாடி பதிந்து பாருங்கள், கோடு அப்படியே நின்றால் அது உங்கள் வீட்டுடையது. இரண்டு, மைதான நிகழ்ச்சி ஜெனரேட்டரில் நடந்திருந்தால் அந்த 50 நம்பகமில்லை. அப்போது எலெக்ட்ரிக் ஆர்கனையோ கீபோர்டையோ பிடித்துக்கொள்ளுங்கள், அவை பெரும்பாலும் A ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற சுருதியில் நிற்கும். கிதார் அப்படி நிற்காது, ஆர்மோனியத்தை இதற்கு நம்பவே வேண்டாம். மூன்று, பேட்டரி தளர்ச்சி மெல்ல மெல்ல வருவது. முழுப் பக்கத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டால் நடுப்பகுதி சரியாக இருக்கும், இரு முனையும் தப்பும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, துண்டு துண்டாக அல்லது சாய்வாக மாற்றுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு பதிவுக்கு நீங்கள் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி இதுதான், இரைச்சல் நீக்கியையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பதிவு நல்ல பதிவு?

சவுண்ட்போர்டிலிருந்து (மேடை மிக்ஸரிலிருந்து) எடுத்தது என்றாலே உசத்தி என்ற எண்ணம் ரசிகர்களிடம் உண்டு. பெரிய அரங்கில் சரி. சின்ன மண்டபத்தில் மிக்ஸர் வழியாகப் போவது பாடகர்களின் மைக்கும் கீபோர்டும்தான். டிரம்ஸும் கிதாரும் மேடையிலிருந்தே காதைப் பிளக்கும், அதை யாரும் மிக்ஸரில் ஏற்ற மாட்டார்கள். அதனால் சவுண்ட்போர்டு டேப்பில் குரல் வறண்டு முன்னால் நிற்கும், டிரம்ஸ் பக்கத்து வீட்டில் அடிப்பது போல இருக்கும். கூட்டத்திலிருந்து பதிந்த டேப்பில் தெளிவு குறைவு, ஆனால் வாசிப்பு ஒரு முழுக் குழுவாகக் கேட்கும்.

இரண்டும் கிடைத்தால் கலக்கலாம். முதலில் இரண்டையும் தனித்தனியாக வேகம் திருத்துங்கள், இல்லையென்றால் ஒரு பாட்டு முடிவதற்குள் விலகிவிடும். பிறகு ஒரு கூர்மையான டிரம் அடியை வைத்துப் பொருத்துங்கள். மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்த ரெக்கார்டருக்கு ஒலி ஏறக்குறைய 58 மில்லிவிநாடி தாமதமாகப் போயிருக்கும், அந்த அளவுக்குக் கூட்டப் பதிவை முன்னே இழுக்க வேண்டும். பக்கம் திருப்பும்போது அறுந்துபோன பாட்டை மற்ற டேப்பிலிருந்து ஒட்டினால், எந்த நிமிடத்திலிருந்து எதுவரை என்று குறிப்பில் எழுதிவிடுங்கள்.

கையடக்க ரெக்கார்டர்களின் தானியங்கி ஒலி அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பலத்த அடி விழுந்தவுடன் எல்லாம் அமுங்கி, பிறகு மெல்ல எழும்பும். இதைக் கணினியில் முழுதாகச் சரிசெய்ய முடியாது. அப்படியே விடுங்கள்.

சிடியிலோ போனிலோ வரும் ‘நல்ல பிரதி’யைச் சோதிக்காமல் ஏற்காதீர்கள். டேப்பின் இரைச்சல் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் மெல்லத் தேய்ந்தபடி போகும். ஸ்பெக்ட்ரத்தில் அந்த இரைச்சலே சுவர் எழுப்பியது போல 16-இல் அறுந்து நின்றால், நடுவில் எப்போதோ எம்பி3 ஆகி வந்திருக்கிறது என்று பொருள். பிறகு வேவாக மாற்றினாலும் போனது போனதுதான்.

எப்போது, எங்கே?

கேசட் உறையில் பெரும்பாலும் குழுவின் பெயரும் ‘லைவ்’ என்ற சொல்லும் தவிர ஒன்றும் இருக்காது. தமிழ்ப் பாட்டின் முதலடிகூட ஆங்கில எழுத்தில், எழுதியவர் காதில் விழுந்த மாதிரி இருக்கும். சத்தமாக வாசித்துப் பாருங்கள், கண்ணுக்குப் பிடிபடாதது வாய்க்குப் பிடிபடும்.

காலத்துக்கு மேடைப் பேச்சைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி நாடு முழுக்க வந்தது 1976 ஜனவரி 5 அன்று. இந்தியர்களுக்கான வானொலி ரேடியோ லோட்டஸ் 1983-இல் வந்தது. வாட் வரி 1991 செப்டம்பர் கடைசியில் வந்தது. இவற்றில் ஒன்று வந்துவிட்டதாக வைத்து அறிவிப்பாளர் நகைச்சுவை செய்தால், பதிவு அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. வாசித்த சினிமாப் பாட்டின் வெளியீட்டு ஆண்டும் அப்படியே. ஆனால் இவையெல்லாம் ‘இதற்கு முன் இல்லை’ என்றுதான் சொல்லும், ‘இதற்குப் பின் இல்லை’ என்று சொல்லாது. கேசட் பிராண்டின் கூட்டு வடிவத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், பழைய காலிக் கேசட்டைப் பத்து வருடம் கழித்து எடுத்துப் பதிந்தவர்களும் உண்டு.

இடப் பெயரில் இன்னொரு சிக்கல். டேப்பில் கிரே தெரு என்பார்கள், இன்றைய வரைபடத்தில் அது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. விக்டோரியா தெரு பெர்த்தா ம்கீஸே தெருவாகவும், பிரின்ஸ் எட்வர்ட் தெரு டாக்டர் கூனம் தெருவாகவும், குவீன் தெரு டெனிஸ் ஹர்லி தெருவாகவும் மாறிவிட்டன. குறிப்பில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். தாத்தா தேடும்போது பழைய பெயரில் தேடுவார், பேத்தி புதிய பெயரில்.

பெயர், பிரதி, அனுமதி

கோப்பின் பெயர் இந்த வரிசையில் இருக்கட்டும்: குழு, ஆண்டு-மாதம்-நாள், இடம், மூலம். தெரியாத நாளுக்கு இரண்டு பூச்சியம். கூடவே ஓர் எழுத்துக் கோப்பு: எந்தக் கேசட், எத்தனையாவது பிரதி, எந்த டெக், என்ன வேகத் திருத்தம், யார் யார் வாசித்தார்கள். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். பகிர ஃபிளாக் (FLAC) கோப்பு போதும், தரம் குறையாமல் இடம் மிச்சமாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறொரு வீட்டில். நாலாவது ஒன்றை குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்திலோ, டர்பன் 1860 பாரம்பரிய மையத்திலோ ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேசட் உங்களுடையது என்பதால் பாட்டு உங்களுடையதாகிவிடாது. 1967-இன் கலைஞர் பாதுகாப்புச் சட்டமும் 1978-இன் பதிப்புரிமைச் சட்டமும் வாசித்தவருக்கும் எழுதியவருக்கும் உரிமை தருகின்றன. குழுவில் உயிரோடு இருப்பவர்களிடம், இல்லாதவர்களின் குடும்பத்தாரிடம் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். என்ன பகிரப் போகிறோம், எங்கே, காசு உண்டா இல்லையா என்று அதில் தெளிவாக இருக்கட்டும். முதலில் கோப்பை அவர்கள் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். யாராவது ‘அந்த ஒரு பாட்டு வேண்டாம் தம்பி’ என்றால் அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள், வாதாடாதீர்கள்.

கேட்கும் கூட்டம்

மண்டபம் பிடிக்கும்போதே, இசை உரிமைகளைக் கவனிக்கும் அமைப்பான சாம்ரோவின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், பொதுவில் பாட்டுப் போட அது வேண்டும். மொத்தம் ஒன்றரை மணி நேரம் போதும், அதில் பாட்டு 50 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கேசட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டாதீர்கள். பத்துப் பன்னிரண்டு பாட்டைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதே டேப்பின் மேடைப் பேச்சு அரை நிமிடம் ஓடட்டும். ஒலி மிக நன்றாக இருக்கும் பாட்டில் தொடங்குங்கள். காது பழகியபின் மங்கலான பதிவையும் ஜனம் ரசிக்கும், முதல் பாட்டே மங்கல் என்றால் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஸ்பீக்கரில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், இந்தப் பதிவுகளில் அங்கே இசை குறைவு, ரெக்கார்டர் மடியில் உரசிய உறுமல்தான் அதிகம்.

பழைய குழுவினர் வந்தால் மேடையில் ஏற்றிப் பேசச் சொல்வதைவிட, அருகே தனி அறையில் ஒரு ரெக்கார்டரை வைத்து, பாட்டு ஓடும்போதே ‘இந்தப் பாட்டில் பேஸ் யார் அங்கிள்?’, ‘இந்த ஆர்கன் யாருடையது?’ என்று கேளுங்கள். பொதுவாக ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கருவியைப் பற்றிக் கேட்டால் வண்டி வாடகை, கடன் வாங்கிய ஆம்ப், சண்டை, சமாதானம் எல்லாம் வெளியே வரும்.

வாசலில் ஒரு மேசை போட்டு, ‘வீட்டில் கேசட் இருந்தால் கொண்டு வாருங்கள்’ என்று அழைப்பிலேயே எழுதுங்கள். வாங்கும்போது ரசீது கட்டாயம்: பெயர், எத்தனை கேசட், எப்போது திருப்பித் தருவோம். அதே மேசையில் பிரியாணி டப்பா வைக்க விடாதீர்கள். சொன்ன தேதியில் கேசட்டையும், அதன் பிரதியை ஒரு பென் டிரைவிலும் திருப்பிக் கொடுங்கள். கொடுத்த ஆன்ட்டி அதைப் பக்கத்து வீட்டில் சொன்னால்தான் அடுத்த பெட்டி உங்களிடம் வரும்.